முதுகில் வைக்கும் ஒட்டெலும்பு: டப்பாவில் வருவது எதற்கு, எப்போது வீண்

கீழ் முதுகில் ஸ்க்ரூ வைத்து எலும்பை இணைக்கும் ஆபரேஷன் முடிந்தால் பில்லில் நான்கு பெரிய வரிகள் இருக்கும். ஸ்க்ரூ, ராட் (கம்பி), கேஜ் (டிஸ்க் இருந்த இடத்தில் வைக்கும் சிறு கூடு) மூன்றும் எக்ஸ்ரேயில் தெரியும், எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம். நான்காவது வரி ‘போன் கிராஃப்ட் 5 சிசி’ என்றோ ‘பேஸ்ட் 10 சிசி’ என்றோ இருக்கும். முள்ளெலும்புகள் ஒன்றாகக் கூடுவதற்காக நடுவில் வைக்கும் ஒட்டெலும்பு அது. எக்ஸ்ரேயில் அதை அப்படி எண்ணிப் பார்க்க முடியாது. சில சமயம் கேஜைவிட விலையும் கூடுதல். அந்த நான்காவது வரியில் வரக்கூடிய சரக்குகளைத்தான் இங்கே எடை போடுகிறோம்.

எல்லாவற்றையும் ஒரே தராசில் நிறுத்த ஒரு கேஸை வைத்துக்கொள்வோம். எல்4–எல்5 (கீழ் முதுகின் நான்காம், ஐந்தாம் முள்ளெலும்பு) இடையே நழுவல், வயது ஐம்பதைத் தாண்டியது, முதல் ஆபரேஷன், ஒரே லெவல் (ஒரு ஜோடி முள்ளெலும்பு மட்டும்). முதுகின் பின்பக்கமாகத் திறந்து, முள்ளெலும்புகளைப் பின்புறம் இணைக்கும் ஃபேசட் மூட்டை ஒரு பக்கம் எடுத்து, டிஸ்க்கைச் சுரண்டிவிட்டு கேஜ் வைக்கும் டிலிஃப் முறை. இதற்கு எது போதும், எது அதிகம் என்று பார்த்துவிட்டால் மற்ற கேஸ்களுக்குக் கணக்குப் போடுவது எளிது.

ஸ்க்ரூவும் ராடும் தற்காலிக முட்டுதான். கான்கிரீட் இறுகும்வரை பலகையைத் தாங்கும் சவுக்குக் கம்பு மாதிரி. உள்ளே எலும்பு கூடவில்லை என்றால், ஒவ்வொரு முறை குனிந்து நிமிரும்போதும் பாரம் உலோகத்தின் மேலேயே விழும். நாளடைவில் ஸ்க்ரூ தளரும் அல்லது ராட் முறியும். ஆகவே ஆபரேஷனின் வெற்றி கடைசியில் அந்த நான்காவது வரியிலும், அது வைக்கப்படும் இடத்தை எப்படித் தயார் செய்தார்கள் என்பதிலும் இருக்கிறது.

ஒட்டெலும்பு மூன்று வேலை செய்ய வேண்டும். எலும்பு கட்டும் உயிருள்ள செல்கள் வேண்டும், இவர்கள் கொத்தனார்கள். சும்மா இருக்கும் செல்லைக் கூப்பிட்டு எலும்பு செல்லாக மாற்றும் புரதம் வேண்டும், அது மேஸ்திரி. புது எலும்பும் ரத்தக் குழாயும் பற்றி ஏற ஒரு துளையுள்ள சட்டம் வேண்டும், அது சாரம். மூன்றும் ஒரே பொருளில் இருப்பது நோயாளியின் சொந்த எலும்பில் மட்டும்தான். கடையில் வரும் ஒவ்வொரு டப்பாவையும் பார்த்துக் கேட்க வேண்டிய கேள்வி, இதில் கொத்தனார் இருக்கிறாரா, மேஸ்திரி இருக்கிறாரா, வெறும் சாரமா என்பதே.

ஆபரேஷன் நடக்கும் இடத்திலேயே கிடைக்கும் எலும்பு

நரம்புக்கு இடம் விடுவதற்காக ஃபேசட் மூட்டையும், நரம்புக் குழாயின் பின்சுவரான லாமினாவின் ஒரு பகுதியையும் எப்படியும் எடுத்தே ஆக வேண்டும். திறந்த முறையில் ஒரு லெவலுக்கு அதிலிருந்து பெரும்பாலும் 5 முதல் 10 சிசி வரை எலும்பு தேறும். முதுகின் நடுவில் கைக்குத் தட்டுப்படும் முள்நீட்சியையும் சேர்த்தால் இன்னும் கொஞ்சம் கூடும். டிஸ்க் இருந்த இடத்தையும் கேஜின் வயிற்றையும் நிரப்ப இது போதும். நம் கேஸுக்கு இதற்கு மேல் ஒன்றும் வாங்க வேண்டியதில்லை என்பதே இந்த மதிப்பீட்டின் முடிவு. மீதியெல்லாம் இது பற்றாதபோது வருவது.

இது புதிய யோசனையும் இல்லை. 1911இல் நியூயார்க்கில் ரஸ்ஸல் ஹிப்ஸ் காசநோய் பிடித்த முதுகெலும்பை இணைத்தபோது, அங்கேயே இருந்த முள்நீட்சிகளை உடைத்து மடித்துப் பாலம் போட்டார். அதே ஆண்டில் அதே ஊரில் ஃப்ரெட் ஆல்பீ காலெலும்பிலிருந்து ஒரு பட்டையை எடுத்து முதுகில் பதித்தார். இங்கேயே இருப்பதா, வேறிடத்திலிருந்து எடுப்பதா என்ற வழக்கு அன்றே தொடங்கிவிட்டது.

இலவசமாகக் கிடைக்கும் பொருள் என்பதாலேயே தியேட்டரில் இதைக் கையாள்வதில் அலட்சியம் வரும். கெட்டுப்போவது பெரும்பாலும் இங்கேதான். பர் என்னும் அதிவேகச் சுழல்முனை கொண்டு தேய்த்து எடுத்தால் கிடைப்பது தூள். சூட்டில் செல்லும் போகும், தூளும் சீக்கிரம் கரைந்துவிடும். எலும்பு உளியாலும், நிப்ளர் என்னும் கடிக்கும் இடுக்கியாலும் துண்டாக எடுப்பதே நல்லது. பர் வைத்தே ஆக வேண்டிய இடத்தில் சலைன் விட்டுக்கொண்டே ஓட்டி, உறிஞ்சு குழாயில் ஒரு வடிகட்டி மாட்டித் தூளைச் சேர்க்கலாம். அதை இட்டு நிரப்பப் பயன்படுத்தலாமே தவிர அதையே முதலாக நம்பக் கூடாது.

எடுத்த துண்டுகளில் ஒட்டியிருக்கும் சதை, தசைநார், ஃபேசட் மூட்டின் வழவழப்பான குருத்தெலும்பு மூன்றையும் சுரண்டி நீக்க வேண்டும். இந்த வேலைக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் பிடிக்கும். அவசரத்தில் தவிர்க்கப்படும் நிமிடங்களும் இவைதான். குருத்தெலும்போடு உள்ளே போகும் துண்டு எலும்பாக மாறாது; நார்த்திசுவாக அப்படியே கிடக்கும். பிறகு 3 முதல் 5 மில்லிமீட்டர் துண்டுகளாக நறுக்க வேண்டும், கையாலோ எலும்பு மில்லிலோ. அதைவிடப் பெரிய கெட்டித் துண்டுகளுக்கு நடுவே வெற்றிடம் விழும். மாவாக அரைத்தால் சாரமே இருக்காது.

நறுக்கியதை விளக்கு வெளிச்சத்தில் கிண்ணத்தில் திறந்து வைத்தால் காய்ந்து செல் சாகும். நோயாளியின் ரத்தமோ சலைனோ நனைத்த துணியால் மூடி வைக்க வேண்டும். சுத்தம் என்று நினைத்துப் பெட்டாடினில் ஊற வைப்பது செல்லைக் கொல்லும் வேலை. கிண்ணத்தில் ‘எலும்பு’ என்று எழுதி வைப்பதும் அவசியம். அகற்றிய டிஸ்க் துணுக்குகளோடு சேர்த்துக் கொட்டப்பட்ட நல்ல எலும்பு ஏராளம்.

சரி, எலும்பு தயார். அது அமரும் படுக்கை எப்படி இருக்கிறது? முள்ளெலும்பின் முகத்தில் குருத்தெலும்பு மெத்தை போல ஒட்டியிருக்கும். அதைக் கியூரெட்டால் சுரண்டி, புள்ளிப் புள்ளியாக ரத்தம் கசியும்வரை வர வேண்டும். அதற்கு மேல் போய், எண்ட்பிளேட் என்னும் கெட்டியான மேல்தகட்டை உடைத்தால் கேஜ் மெத்தென்ற எலும்புக்குள் புதைந்துவிடும். டிலிஃப் முறையில் ஒரு பக்கத்திலிருந்தே நுழைவதால் எதிர்ப்பக்க மூலையில் டிஸ்க் மிச்சம் தங்குவது வழக்கமான குறை. அங்கே எந்த விலையுள்ள பேஸ்ட்டை அடைத்தாலும் எலும்பு கூடாது. ஒட்டெலும்பின் பெரும்பங்கை முன்புறமும் எதிர்ப்பக்கமும் முதலில் தட்டி அடைத்துவிட்டு, பிறகு எலும்பு நிரப்பிய கேஜை உள்ளே விட வேண்டும். கேஜுக்குப் பின்னால், நரம்பை ஒட்டித் துகள் நிற்கக் கூடாது. அங்கே தங்கும் துண்டு பின்வாங்கி நரம்பை அழுத்தினால் காலில் வலி திரும்பும்.

இந்த எலும்பு பற்றாத இடங்கள் தெளிவானவை. ஏற்கெனவே லாமினா எடுக்கப்பட்ட முதுகில் மறு ஆபரேஷன். குழாய் வழியே செய்யும் சிறு துளை முறையில் கிடைக்கும் சொற்பம். கேஜ் இல்லாமல், முள்ளெலும்பின் இரு பக்கமும் நீளும் பக்கநீட்சிகளுக்கு நடுவே மட்டும் பாலம் போடுவது. கடைசியதில் ஒவ்வொரு பக்கத்துக்கும் 10 சிசி அளவில் தேவைப்படும். அங்கே எலும்பின் மேல் அழுத்தம் இல்லை, சுற்றிலும் தசை இழுக்கிறது, கூடுவது கடினம். டிஸ்க் இடத்தில் மேலிருந்து உடல் எடையே அழுத்திக் கொடுப்பதால் சுமாரான சரக்குகூட அங்கே தேறிவிடும். ஒரே டப்பா ஓரிடத்தில் நன்றாக வேலை செய்து இன்னோரிடத்தில் தோற்பதற்குக் காரணம் இதுதான். விற்பனைப் பிரதிநிதி காட்டும் எண்களைப் பார்க்கும்போது எந்த இடத்தில் வைத்த கணக்கு என்று முதலில் கேட்க வேண்டும்.

இடுப்பெலும்பிலிருந்து எடுப்பது

நீண்ட காலம் இதுதான் அளவுகோல். மற்ற எல்லாச் சரக்கையும் இதனோடுதான் ஒப்பிட்டார்கள். பின்பக்க இடுப்பெலும்பில் 25–30 சிசி வரை பஞ்செலும்பு (துளைகள் நிறைந்த உள்ளெலும்பு) கிடைக்கும், கொத்தனார் மேஸ்திரி சாரம் மூன்றும் முழுதாக. முதுகின் அதே கீறல் வழியாகவே தோலடியில் போய் எடுக்கலாம்.

தவறு நேரும் இடங்களும் எல்லாருக்கும் தெரிந்தவை. பின்பக்க முனையிலிருந்து விளிம்போடு வெளிப்பக்கம் 8 சென்டிமீட்டருக்கு மேல் போனால் பிட்டத்துத் தோலுக்குப் போகும் குளூனியல் நரம்புகள் அறுபடும். மரத்துப்போதலும் எரிச்சலும் நிற்கும். கீழே சயாட்டிக் பள்ளம் பக்கம் உளி போனால் மேல் குளூட்டியல் தமனி. அறுபட்டு உள்ளே சுருங்கிக்கொண்டால் கட்டுவது பெரும்பாடு. உள்ளே ஆழம் போனால், முதுகின் அடியெலும்பும் இடுப்பெலும்பும் சேரும் சேக்ரோ இலியாக் மூட்டு. முன்பக்கத்திலிருந்து எடுப்பவர்கள் முன்முனையிலிருந்து குறைந்தது 3 சென்டிமீட்டர் பின்தள்ளி எடுக்க வேண்டும். இல்லையென்றால் முனை பிய்ந்து முறியும். தொடையின் வெளிப்பக்கத்து நரம்பும் அடிபடலாம்.

எடுத்த இடத்து வலி பற்றி மிகைப்படுத்தியும் பேசுகிறார்கள். கீழ் முதுகு ஆபரேஷன் செய்த நோயாளிக்கு அந்தப் பகுதியில் எப்படியும் வலி இருக்கும். எந்தப் பக்கம் எடுத்தார்கள் என்று சொல்லாமல் தொட்டுப் பார்த்துக் கேட்ட ஆய்வுகளில், எடுத்த பக்கமும் எடுக்காத பக்கமும் பெரிதாக வேறுபடவில்லை. ‘இடுப்பெலும்பு எடுத்தால் வருஷக்கணக்கில் வலிக்கும்’ என்று சொல்லி டப்பாவை விற்பது வியாபாரம். அதே சமயம், ஒரு லெவல் டிலிஃபுக்குச் சொந்த முதுகெலும்பே போதும் என்கிறபோது இன்னொரு காயம் எதற்கு என்பதும் நியாயம். கூடாமல் போன எலும்பை மறுபடி இணைக்கும்போது இடுப்பெலும்புக்கு இணை இன்னும் வரவில்லை. எலும்பு தேய்ந்த முதியவர்களுக்கு மட்டும் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ள வேண்டும். அந்த இடுப்பில் மஜ்ஜைக்குப் பதில் கொழுப்புதான் வரும்.

மஜ்ஜை ஊசி

ஜம்ஷிதி ஊசியால் இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜையை உறிஞ்சி, செயற்கைத் துகள்களில் ஊற்றிக் கலப்பது மலிவான நல்ல உத்தி. சாரத்துக்குக் கொஞ்சம் கொத்தனார் கிடைப்பார். ஒரே ஒரு விதி: ஓரிடத்தில் 2 மி.லி.க்கு மேல் இழுக்கக் கூடாது. அதற்கு மேல் வருவது மஜ்ஜை இல்லை, சுற்று ரத்தம். 10 மி.லி. வேண்டுமானால் ஊசி முனையை ஐந்து இடத்துக்கு நகர்த்த வேண்டும். ஒரே இடத்தில் 20 மி.லி. இழுத்து ‘ஸ்டெம் செல்’ என்று பில் போட்டால் வாங்கியது பெரும்பாலும் ரத்தம்.

பிஆர்பி என்னும் பிளேட்லெட் ஜெல்லைப் பற்றி இரண்டு வரி போதும். எலும்பு கூட அது உதவியதற்கு உறுதியான சான்று இல்லை. சேர்க்காதவர்களைவிடச் சேர்த்தவர்களுக்குக் குறைவாகக் கூடியதாகக் காட்டிய ஆய்வும் உண்டு. வேண்டாம்.

பிறர் எலும்பு

இறந்தவர் கொடையாகத் தந்த எலும்பும், இடுப்பு மூட்டு மாற்றும்போது அகற்றிய தொடையெலும்புத் தலையும் எலும்பு வங்கிக்குப் போகின்றன. இந்தியாவில் 1994ஆம் ஆண்டு உறுப்பு மாற்றுச் சட்டத்தில் 2011 திருத்தத்தின் மூலம் திசுக்களும் சேர்க்கப்பட்டன. ஆகவே உரிமம் இல்லாத வங்கியிலிருந்து வாங்குவது சட்டத்துக்கும் புறம்பு. மும்பை டாடா மெமோரியல் மருத்துவமனையின் திசு வங்கி 1988 முதல் இயங்குகிறது. அங்கே திசுவை உறைய வைத்து உலர்த்தி காமா கதிர் பாய்ச்சிக் கொடுக்கிறார்கள். வணிக நிறுவன டப்பாவோடு ஒப்பிட்டால் இப்படிப்பட்ட வங்கி எலும்பு சிக்கனமானது. மருத்துவர்கள் இதை மறந்துவிடுவதுதான் வருத்தம்.

பதப்படுத்தியதில் உயிர் இல்லை. கொத்தனாரும் இல்லை, மேஸ்திரி ஏறத்தாழ இல்லை. நல்ல சாரம் உண்டு. உலர்ந்த துண்டு நொறுங்கும் தன்மை உடையது, சலைனில் ஊறிய பிறகே வைக்க வேண்டும். பஞ்செலும்புத் துகளுக்குச் சில நிமிடம் போதும். பெரிய கெட்டித் துண்டுக்கு அரைமணிக்கு மேலும் ஆகலாம், உறையில் எழுதியிருப்பதைப் பார்க்க வேண்டும். கதிர்வீச்சின் அளவு கூடக்கூட எலும்பின் உறுதி குறையும். சொந்த எலும்போடு கலந்து அளவைக் கூட்ட இது பொருத்தம். பக்கநீட்சிகளுக்கு நடுவே தனியாக வைத்தால் பெரியவர்களுக்கு ஏமாற்றமே மிஞ்சும்.

இது ‘யாரோ ஒருவரின் எலும்பு’ என்பதை ஆபரேஷனுக்கு முன்பே சொல்லியாக வேண்டும். அடுத்த தலைப்பில் வரும் டிபிஎம் பேஸ்ட்டும் மனித எலும்புதான். சில பேஸ்ட்டுகளின் கூழ் பன்றி ஜெலட்டினாலும், சில பஞ்சுகள் மாட்டுக் கொலாஜனாலும் ஆனவை. இதில் மனத்தடை உள்ள குடும்பம் டிஸ்சார்ஜ் சம்மரியில் படித்துத் தெரிந்துகொள்ளும்படி விடுவது தவறு.

டிபிஎம் பேஸ்ட்

1965இல் கலிபோர்னியாவில் மார்ஷல் யூரிஸ்ட், அமிலத்தில் சுண்ணாம்புச் சத்தைக் கரைத்து எடுத்த எலும்பைத் தசைக்குள் வைத்தார். தசைக்குள் புது எலும்பு முளைத்தது. எலும்புக்குள் மேஸ்திரி இருக்கிறார் என்று உலகுக்குத் தெரிந்தது அப்போதுதான். டிபிஎம் என்பது அந்த அமிலம் கரைத்த எலும்புத் தூளைக் கூழில் குழைத்துச் சிரிஞ்சில் அடைத்தது. கிளிசரால், ஹயலுரானிக் அமிலம் என்று கூழ் கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

முதல் குறை, 5 சிசி சிரிஞ்சில் 5 சிசி எலும்பு இல்லை. கூழ் போக எலும்பின் பங்கு பிராண்டுக்குப் பிராண்டு பெரிதும் வேறுபடும். லேபிளில் சதவீதம் போட்டிருக்கிறதா பாருங்கள். இரண்டாவது, கொடையாளியைப் பொறுத்தும் பதப்படுத்தும் விதத்தைப் பொறுத்தும் லாட்டுக்கு லாட்டு (ஒரே தடவையில் தயாரித்த தொகுதி) மேஸ்திரியின் பலம் மாறும். ஒரே பிராண்டின் இரண்டு லாட் ஒரே மாதிரி வேலை செய்யும் என்று சொல்ல முடியாது. மூன்றாவது, கடைசியில் காயத்தை சலைன் விட்டுக் கழுவும்போது பேஸ்ட் கரைந்து உறிஞ்சு குழாயில் போய்விடும். எல்லாம் கழுவி முடித்த பிறகே வைக்க வேண்டும். இதைக் கவனிக்காத தியேட்டரில் பணம் சாக்கடைக்குப் போகிறது.

கையாள வசதியானது என்பது உண்மை. சொந்தத் துண்டுகளை ஒட்டிப் பிடித்து உருண்டையாக்கித் தரும். சொந்த எலும்போடு சரிபாதி கலந்தால் சரி. தனியாக வைத்தால் காசுக்குத் தகாது.

பிஎம்பி-2: சரக்கில் பலசாலி, வம்பிலும் பலசாலி

யூரிஸ்ட் கண்ட மேஸ்திரிப் புரதத்தையே தொழிற்சாலையில் தயாரித்தது இந்த பிஎம்பி-2. மெட்ரானிக் நிறுவனத்தின் ‘இன்ஃப்யூஸ்’ 2002 ஜூலையில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏவின் அனுமதி பெற்றது. அந்த அனுமதி வயிற்றுப் பக்கமாகப் போய் ஒரே லெவலில் கூம்பு வடிவ டைட்டானியம் கேஜுக்குள் வைப்பதற்கு. பின்னர் கழுத்திலும் பின்வழிக் கீழ் முதுகு ஆபரேஷனிலும் அது பரவிய பெரும்பகுதி அந்த அனுமதியைத் தாண்டியது. 2008 ஜூலையில் கழுத்தில் வைத்தவர்களுக்குத் தொண்டை வீங்கி மூச்சு முட்டுவதாக எஃப்டிஏ எச்சரித்தது. 2011 ஜூனில் ‘தி ஸ்பைன் ஜர்னல்’ ஓர் இதழையே இதற்கு ஒதுக்கி, நிறுவனம் பணம் கொடுத்த ஆய்வுகளில் பக்கவிளைவுகள் மறைந்துபோனதை வரிசையாகக் காட்டியது. நிறுவனம் கடைசியில் மூலத் தரவுகளை யேல் பல்கலைக்கழகத்திடம் கொடுத்தது. இரண்டு தனித்தனிக் குழுக்கள் அலசி 2013இல் சொன்னது, நோயாளி உணரும் பலனில் இடுப்பெலும்பைவிட இது பெரிதாக மேல் இல்லை என்பது. அதே நிறுவனம் 40 மி.கி. அளவில் கொண்டுவர முயன்ற ‘ஆம்ப்ளிஃபை’, புற்றுநோய் குறித்த சந்தேகத்தின் நடுவே 2011இல் அனுமதி கிடைக்காமல் நின்றது.

இத்தனைக்குப் பிறகும் எலும்பு முளைக்க வைப்பதில் இதற்கு நிகர் டப்பா இல்லை. சிக்கல் அளவிலும் கசிவிலும் இருக்கிறது. உடலில் இது நானோகிராம் கணக்கில் வேலை செய்யும் பொருள். கிட்டில் வருவது மில்லிகிராம் கணக்கு: சிறியது 4.2, நடுத்தரம் 8.4, பெரியது 12 மி.கி. கரைத்த பிறகு ஒரு மி.லி.யில் 1.5 மி.கி. கொலாஜன் பஞ்சில் சீராகச் சொட்டி, குறைந்தது 15 நிமிடம் விட வேண்டும். அதற்குள்தான் புரதம் பஞ்சில் பிடித்துக்கொள்ளும். 2 மணி நேரத்துக்குள் வைத்துவிட வேண்டும். அவசரமாக 5 நிமிடத்தில் எடுத்து, கேஜுக்குள் திணித்து, பிழிந்தால் சொட்டும் நீர் முழுவதும் மருந்துதான். அது நரம்பருகே போனால் காலில் எரியும் வலி, சீழில்லாத நீர்க் கோவை, நரம்புக் குழாய்க்குள்ளேயே எலும்பு முளைத்தல்.

இன்னொன்று, முதல் சில மாதங்களில் இது எலும்பைக் கட்டுவதற்கு முன் கரைக்கவும் செய்யும். எண்ட்பிளேட் ஏற்கெனவே பலவீனமாக இருந்தால் அப்போது கேஜ் புதையும் அல்லது நகரும். எக்ஸ்ரேயில் கேஜைச் சுற்றி இருட்டடித்துத் தெரிவதைத் தொற்று என்று நினைத்துத் திறந்து பார்ப்பதும் நடக்கிறது. தொற்றைக் காட்டும் ரத்தப் பரிசோதனைகளான இஎஸ்ஆர், சிஆர்பி இயல்பாக இருந்தால் பொறுத்துப் பார்ப்பதே முறை.

டிலிஃபில் வைத்தே ஆக வேண்டும் என்றால் சிறிய கிட் போதும். பஞ்சு கேஜுக்கு முன்னால், நரம்பிலிருந்து தள்ளி இருக்க வேண்டும். வைத்த பிறகு கழுவக் கூடாது. நுழைந்த வாயிலை ஃபைப்ரின் பசையால் அடைக்கலாம். ஒரு லெவலுக்கு 12 மி.கி. கிட் எழுதினால் காரணம் கேட்க நோயாளிக்கு உரிமை உண்டு. புற்றுநோய் இருப்பவர், கர்ப்பிணி, எலும்பு வளர்ச்சி முடியாத இளைஞர், அந்த இடத்தில் தொற்று உள்ளவர், மாட்டுக் கொலாஜன் ஒவ்வாதவர் இவர்களுக்கு வைக்கக் கூடாது. வைத்த பெண்கள் ஓராண்டு கருத்தரிப்பைத் தள்ளிப்போடும்படி உற்பத்தியாளரே சொல்கிறார். இந்தக் கடைசி விஷயம் பல கவுன்சலிங்கில் விடுபடுகிறது.

நம் எல்4–எல்5 கேஸுக்கு இது கொசுவுக்குப் பீரங்கி. ஏற்கெனவே ஒருமுறை கூடாமல் போனது, முதுகின் அடியெலும்பான சேக்ரம்வரை நீளும் பெரிய வளைவுத் திருத்தம், இடுப்பெலும்பை முன்பே எடுத்து முடித்துவிட்டவர் என்றால் விலைக்குத் தகும்.

செயற்கைத் துகள்கள்

ஹைட்ராக்சி அபடைட், டிரைகால்சியம் ஃபாஸ்ஃபேட், இரண்டும் கலந்தது. நோய் பரவாது, மதத் தடை இல்லை, விலை நடுத்தரம். வெறும் சாரம். ஹைட்ராக்சி அபடைட் வருடக்கணக்கில் கரையாது, டிரைகால்சியம் மாதங்களில் கரையும், கலவை நடுவாந்திரம். கால்சியம் சல்ஃபேட் சில வாரங்களிலேயே கரைந்து, எலும்பு வருவதற்குள் சாரம் சரிந்துவிடும். காயத்தில் நீர் கசிவதும் உண்டு, இந்த வேலைக்கு அது வேண்டாம்.

உலர்ந்தபடி வைக்கக் கூடாது. மஜ்ஜையிலோ ரத்தத்திலோ ஊற வைத்து, சொந்த எலும்போடு கலந்து வைக்க வேண்டும். சுத்தியலால் இறுக்கி அடித்தால் துளைகள் நொறுங்கிப்போகும். துளை இல்லாத சாரத்தில் எதுவும் ஏறாது. சொந்த எலும்பு பற்றாத இடத்தில் காசுக்கேற்ற துணை என்றால் எங்கள் ஓட்டு, மஜ்ஜை கலந்த இந்தத் துகளுக்கு.

‘உயிருள்ள செல்’ டப்பா

இறந்தவர் எலும்பில் செல்களை உயிரோடு வைத்து, மைனஸ் 80 டிகிரியில் உறைய வைத்து வருவது. மூன்றும் இருக்கிறது என்று விளம்பரம். எத்தனை செல் உருகிய பிறகு பிழைக்கிறது, அந்நியர் உடலில் எத்தனை நாள் தாங்குகிறது என்பதற்குத் தெளிவான பதில் இல்லை. சொந்த எலும்பைவிட மேல் என்று நிறுவிய தரமான ஒப்பீட்டு ஆய்வும் இல்லை. விலை மட்டும் உச்சம்.

செல் சாகக் கூடாது என்பதால் இதற்குக் கதிர் பாய்ச்ச முடியாது. அந்த விலையை அமெரிக்கா 2021இல் கொடுத்தது. ‘ஃபைபர்செல்’ என்ற சரக்கின் ஒரு லாட், ஒரே கொடையாளியின் எலும்பிலிருந்து வந்தது. அதில் காசநோய்க் கிருமி இருந்தது. முதுகு ஆபரேஷனுக்கு வந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களுக்கு அது வைக்கப்பட்டு, பெரும்பாலோருக்கு டிபி பிடித்தது, சிலர் இறந்தனர். 2023இல் அதே வகைச் சரக்கில் மறுபடியும் நடந்தது. டிபி சாதாரணமாக உலவும் நம் நாட்டில் இப்படி ஒரு டப்பா வந்தால், கொடையாளிக்கு டிபி பரிசோதனை எப்படிச் செய்தார்கள் என்று கேட்காமல் தொடக் கூடாது. எங்கள் கணிப்பில் இந்தப் பட்டியலிலேயே கடைசி இடம் இதற்குத்தான்.

டப்பாவுக்கு வெளியே

பீடி, சிகரெட் மட்டுமல்ல, வாயில் ஒதுக்கும் புகையிலையும் நிகோடின்தான். அது நுண்குழாயைச் சுருக்கி, ஒட்டெலும்புக்குள் ரத்தம் ஏறவிடாது. ஆபரேஷனுக்கு 4 வாரம் முன்பே நிறுத்தி, கூடும்வரை தொடாமல் இருப்பது எந்த பேஸ்ட்டையும்விட மதிப்புள்ளது, செலவும் இல்லை. டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரையைச் சில நாள் சாதாரண அளவில் எடுத்தால் பாதகம் இல்லை. மெடிக்கல் ஷாப்பில் தானாக வாங்கி மாதக்கணக்கில் விழுங்குவது எலும்பு கூடுவதைத் தடுக்கும். வைட்டமின் டி, சர்க்கரைக்கு எச்பிஏ1சி, வயதானவர்களுக்கு எலும்பு அடர்த்தி மூன்றையும் முன்பே பார்த்துச் சரிசெய்ய வேண்டும். எலும்பு தேய்ந்தவருக்கு டெரிபாரடைட் ஊசி சில மாதம் போடுவது உதவுவதாக ஆய்வுகள் உண்டு. பிஎம்பி பற்றி யோசிப்பதற்கு முன் இதை யோசிக்கலாம்.

ஆபரேஷனுக்கு முன் சர்ஜனிடம் கேட்க வேண்டியது: ஐயா, என்ன சரக்கு, எத்தனை சிசி, மனித எலும்பா மிருகமா செயற்கையா, என் எலும்பு ஏன் பற்றாது? முடிந்த பிறகு, பெட்டியிலிருந்து கிழித்து கேஸ் ஷீட்டில் ஒட்டும் ஸ்டிக்கரின் நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பிராண்ட், லாட் எண், திசு எண், காலாவதி எல்லாம் அதில் இருக்கும். ஃபைபர்செல் மாதிரி ஒரு லாட் திரும்பப் பெறப்பட்டால் அந்தத் துண்டுச் சீட்டு ஒன்றே ஆதாரம்.

கடைசியாக, கூடியதா என்று பார்ப்பது. மூன்றாம் மாத எக்ஸ்ரேயில் சொந்த எலும்பு மங்கலாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம். பழையது கரைந்து புதியது ஏறும் கட்டம் அது. அதே மாதத்தில் ஹைட்ராக்சி அபடைட் பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும். அதைப் பார்த்துக் ‘கூடிவிட்டது’ என்று சொன்னால் நம்ப வேண்டாம், அந்த வெள்ளை டப்பாவில் இருந்தபோதே இருந்தது. 12ஆம் மாதத்தில் மெல்லிய வெட்டு சிடி எடுத்து, கேஜ் வழியாகவோ அதைச் சுற்றியோ மேல் எலும்பிலிருந்து கீழ் எலும்புவரை அறுபடாத பாலம் தெரிகிறதா, ஸ்க்ரூவைச் சுற்றிக் கறுப்பு வளையம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். குனிந்தும் நிமிர்ந்தும் எடுத்த எக்ஸ்ரேயில் அசைவு இல்லாதது கூடுதல் சாட்சி. சிடியில் பாலம் முழுமையாக இல்லை, ஆனால் வலியும் இல்லை, ஸ்க்ரூவும் தளரவில்லை என்றால் அதற்காக மறுபடி திறக்க வேண்டியதில்லை.